பூஜ்யம் முதல் ஐந்து வரை

அறுத்து ஓராண்டு முடிந்த மறுநாள்
சோஹார் ஆஸ்பத்திரியிலிருந்து ஜின்சி சிஸ்டர் அழைத்தார்.
சில கேள்விகள், எண்ணில் மட்டும் சொல்ல வேண்டுமாம்.
தொந்தரவே இல்லையென்றால் பூஜ்யம்,
தாங்கவே முடியாதென்றால் ஐந்து.
கிரேனிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தேன்,
ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.
கேளுங்க என்றேன்.

படுத்தால் நெஞ்செரிச்சல்?
பூஜ்யம்.
எட்டு வருடம்
கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில்
இரண்டிரண்டு ஹாலோபிளாக் வைத்துப் படுத்தவன் நான்.
இரவெல்லாம் மெல்லச் சரிந்து சரிந்து
விடியும்போது கால்மாட்டில் கிடப்பேன்,
லாரி கொட்டிவிட்டுப் போன மணல் மாதிரி.

குனிந்தால்?
என் வேலையே குனிவதுதான் சிஸ்டர்.
நாற்பது மீட்டர் உயரம், காலுக்கடியில் கண்ணாடி.
முழங்கால்களுக்கு நடுவே தலையைத் தொங்கவிட்டு
கப்பலின் வயிற்றுக்குள் பார்க்க வேண்டும்,
ஒரு ஷிப்டுக்கு நூற்றைம்பது பெட்டி.
ஒவ்வொரு பெட்டி இறங்கும்போதும்
எனக்குள் ஒன்று ஏறி வரும்,
முதலில் புளித்த மோராக,
பிறகு பேட்டரித் தண்ணீராக.
அதை விழுங்கிக்கொண்டேதான் பெட்டியை இறக்குவேன்.
இப்போது பெட்டி இறங்குகிறது.
அவ்வளவுதான்.
பூஜ்யம் போடுங்க.

விழுங்கச் சிரமம்?
முதல் மாதம் நான்கு. கஞ்சி, லபன், பாலில் கரைத்த பிஸ்கட்.
ஒரு வெள்ளிக்கிழமை ஆசைப்பட்டுக் குபூஸ் தின்றேன்,
நெஞ்சுக்குழியில் நின்றுகொண்டது.
உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை,
விசா முடிந்தவன் மாதிரி.
இப்போது ஒன்று.
இட்லியைக்கூட மென்று தின்கிறேன்.

சூடான்காரர் டாக்டர் இத்ரிஸ்
மாத்திரைச் சீட்டின் பின்புறம் வரைந்து காட்டியிருந்தார்.
இரைப்பையின் மேல்நுனியை இழுத்து
உணவுக்குழாயின் கழுத்தில் மப்ளர் சுற்றுவதுபோலச் சுற்றித் தைப்போம்.
ஐந்து ஓட்டை, பென்சில் நுழையும் அளவு.
சரியாகிவிடுமா என்றேன்.
பத்தில் எட்டுப் பேர், சமயத்தில் ஒன்பது பேர் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்றார்.
மீதி?
மீதிப் பேர் திரும்பவும் மாத்திரைக்குப் போவார்கள்.
ஒருசிலர் திரும்பவும் என்னிடம் வருவார்கள்.
அந்த ஒரு பதிலுக்காகத்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஏப்பம் வருகிறதா?
இங்கே கொஞ்சம் தயங்கினேன்.
கழுத்தைச் சுற்றிய மப்ளர்
கீழிருந்து எதையும் மேலே விடுவதில்லை, காற்றைக்கூட.
பெருநாளன்று மீரான்கனி ஆக்கிய பிரியாணியில் மூன்று தட்டு.
அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்து
கடைசியில், உப்புக் கம்மியா அண்ணே என்றான்.
காற்று இப்போது வேறு கேட் வழியாகப் போகிறது.
நாற்பது மீட்டர் உயரத்தில் ஆட்சேபிக்க ஆளில்லை.
சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு
மூன்று என்று எழுதிக்கொண்டார்.

மாத்திரை?
இல்லை என்றேன்.
பர்ஸுக்குள், விசா அட்டைக்குப் பின்னால்
பழைய பட்டையில் ஏழு மாத்திரை மிச்சம் இருப்பதை
அவர் கேட்கவில்லை.

மறுபடி முதலிலிருந்து என்றால்
இந்த ஆபரேஷனுக்குச் சம்மதிப்பீர்களா?
சம்மதிப்பேன்.
நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

மீரான்கனியைப் பற்றி எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது.
பேக்கரியில் மாவு பிசைகிறவன்.
ஆறு வருடமாக என் இருமலில்தான் எழுந்தான்,
அதிகாலை மூன்றரை, ஒரு நாள் தவறியதில்லை.
நான் இருமாமல் தூங்கிய முதல் வாரத்தில்
இரண்டு நாள் லேட்டாகப் போய்ச் சம்பளம் பிடித்தார்கள்.
டாக்டரிடம் கேட்கவைக்க என்று
எப்போதோ என் இருமலை அவன் போனில் பதிந்திருந்தோம்.
அதையே அலாரமாக வைத்துவிட்டான்.

இப்போதும் மூன்றரைக்கு
எதிர்க்கட்டில் தலையணைக்கு அடியிலிருந்து
நான் இருமுகிறேன்.
அவன் எழுந்து லுங்கியை இறுக்கிக்கொண்டு
அலாரத்தை அணைத்துவிட்டுப் போகிறான்.
நான் எழுந்து உட்கார்ந்து
இருட்டில் நாக்கைச் சுழற்றிப் பார்க்கிறேன்.
புளிப்பு இல்லை.
இன்னொரு தடவை சுழற்றிப் பார்க்கிறேன்.