தீர்த்தகிரியின் தொண்டை

அந்தக் குரலுக்கு முதல் மைக் கொடுத்தவன் நான்.
வாடகை நானூறு. இன்னும் வரவில்லை.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் அவனுக்கு
கொலுசுக்குப் பொடி வைத்து ஊதுகிற வேலை.
காலை எட்டிலிருந்து ஊதுகுழல் உதட்டில்.
மூச்சு அங்கே வளர்ந்தது.
இமயமலைச் சாமியார் ஒருவர் சொல்லிக் கொடுத்ததாக
பின்னால் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை எழுதியது;
படித்துவிட்டு இருமும் வரை சிரித்தான்.

முதல் மேடை ஏற்காடு கோடை விழா.
மலர்க் கண்காட்சிக்கும் நாய்க் கண்காட்சிக்கும் நடுவே
பதினைந்து நிமிடம் காலியாகக் கிடந்தது.
பாரத்தில் 'மெல்லிசை' என்று நிரப்பியிருந்தான்.

வாயைத் திறந்தான்.
தாசில்தார் நாற்காலியோடு பின்னால் போனார்.
முதலில் பதில் சொன்னது ஒரு ராஜபாளையம்.
அப்புறம் லாப்ரடார், இரண்டு பொமரேனியன்,
பரிசுக்குச் சீவி நிறுத்திய அத்தனையும்,
ஏரிக்கு அந்தப் பக்கம்
சங்கிலியே பார்க்காத தெருநாய்கள் வரை.
சத்தத்தைக் குறைக்கச் சொல்லி யாரோ கத்தினார்கள்.
கையைக் கொண்டுபோனேன்.
திருக மனசு வரவில்லை.

யாரோ அதைப் படம் பிடித்திருக்கிறார்கள்.
இரண்டே வருடம்,
அவன் பல்வரிசை கருப்பு பனியன்களில் ஏறிவிட்டது.
பெங்களூர், ஷில்லாங், அப்புறம் பனி கொட்டும் ஊர்கள்.
'வெள்ளைக்கல்' என்று குழுவுக்குப் பெயர்.
என்ன பாடுகிறான் என்று ஒருவருக்கும் புரியாது.
எனக்குத் தெரியும்,
எடை போட்ட சீட்டின் பின்பக்கம் எழுதுவான்.
சாயங்காலம் ஆனால் முதலாளி கேட்கும் ஒரே கேள்வி:
சேதாரம் எவ்வளவு?
தரையைக் கூட்டி, தூசியைச் சலித்து,
குறைந்த வெள்ளியைக் கூலியில் கழிப்பார்.
அந்த ஒரு சொல்லை
ஜெர்மனியில் முப்பதாயிரம் பேர், சேற்றில் நின்று,
கையை உயர்த்திக் கத்தினார்கள்.
சேதாரம். சேதாரம்.
செல்போனில் காட்டினான்.
எனக்கு முதலாளியின் தராசு ஞாபகம் வந்தது.

சேலத்தில் ஐந்து ரோட்டில் டீ குடித்தால்
சில்லறை இல்லையா என்பார்கள், அவ்வளவுதான்.
முடியைப் பார்த்து ஒரு முறை போலீஸ் நிறுத்தியது.
அஸ்தம்பட்டி டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு
என்ன வேலை செய்கிறீர்கள் என்றார்.
பாட்டு.
அவர் நம்பவில்லை.
ஆறு மாதம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று எழுதினார்.

இப்போது மாலையில் என் கடைக்கு வருகிறான்.
அறுந்த ஒயர்களை எடுத்து வைத்துக்கொள்கிறான்.
நேற்று கௌஹாத்தியிலிருந்து இரண்டு பையன்கள்,
நெஞ்சில் அவன் பற்களோடு,
தீர்த்தகிரி வீடு எது என்று கேட்டார்கள்.
திரும்பிப் பார்த்தேன்.
தலையை லேசாக ஆட்டினான், வேண்டாம்.

போகிறபோது ஒருவன்
மேஜையிலிருந்த மைக்கைக் கூச்சத்தோடு தட்டி
'செதாராம்' என்றான்.

கல்லாவுக்கு அடியில் படுத்திருந்த நாய் எழுந்தது.
பையனைப் பார்க்கவில்லை.
காதைத் தூக்கி
இவனையே பார்த்தபடி நின்றது.
இவன் குனிந்து
ஜாக்கில் ஈயம் வைத்துக்கொண்டிருந்தான்.