நாலாம் நிரல்

பதிவேட்டில் ஒன்பது நிரல்கள்.
முதலாவது தொடரிலக்கம்.
பிறகு குளத்தின் பெயர்,
பிறகு வயல்வெளி, பரப்பளவு.
நாலாவது: காணி உரித்தாளர்.
விதைக்கிறவருக்கென்று நிரல் இல்லை.
குறிப்பில் எழுதலாம்.
குறிப்பு நிரலின் அகலம்
என் சின்னவிரல்.

ஐப்பசி பிறந்து பதினோராம் நாள்
துணுக்காயிலிருந்து ஸ்கூட்டியில் போனேன்.
ஒரு பாட்டம் மழை பெய்து ஓய்ந்திருந்தது.
வாய்க்கால் கட்டில்
யானை இலத்தியில் இன்னும் ஆவி.
ஞானேஸ்வரி முழங்கால்வரை சேற்றோடு
வரம்புக்கு மண் அணைத்துக்கொண்டு நின்றாள்.
மண்வெட்டியை விடாமலே கேட்டாள்:
"மிஸ், இந்தமுறையும்
சிவபாதத்தாரின்ர பேரோ?"

சிவபாதத்தார் ஸ்காபரோவில்.
உத்தரவுப் பத்திரம் அவர் பெயரில்.
மல்லாவி வங்கியில் கணக்கு அவர் பெயரில்.
தண்ணீர்முறை பிசகினால்
கமக்கார அமைப்புக் கூட்டத்தில்
ஏச்சு மட்டும் அவள் பெயரில்.

ஒரு கடிதம் போதும்,
குத்தகைக்குச் செய்பவர் இன்னார் என்று
இரண்டு வரி.
கேட்டுப் பார்த்தேன்.
நடுச்சாமம் குரற்பதிவு வந்தது,
பின்னால் கோப்பை கழுவும் மெஷினின் இரைச்சல்:
"பிள்ளை, எழுத்திலை குடுத்தா
நாளைக்குக் காணி தங்கடை எண்டு நிப்பினம்.
காசு வரட்டும், நான் பாத்துச் செய்யிறன்."
கெட்ட மனிசன் என்று சொல்லமாட்டேன்.
பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தாங்கி
அவர் காசில்தான் நிற்கிறது.

அவளின் தகப்பன் எழுபத்தேழில்
மாத்தளைத் தோட்டமொன்றிலிருந்து
லொறியில் வந்து இறங்கினவர்.
அந்த இரண்டு எக்கரில்
பாலையும் முதிரையும் வெட்டிச் சாய்த்து
கட்டை கிளப்பினது அவர்.
காணிக் கச்சேரி வைத்த அன்று
மலேரியாவோடு படுத்திருந்தாராம்.
இதெல்லாம்
சின்னவிரல் அகலத்துக்குள் வராது.

விதைத்துப் பதினாலாம் நாள்
முதல் யூரியா வீசவேண்டும்.
பயிர் சுற்றுநிருபம் வாசிப்பதில்லை.
மேலிடத்தில் ஒரு கையெழுத்துக்காக
கோப்பு ஒன்று காத்திருந்தது.
அவள் சந்திக் கடையில்
மூன்று அந்தர் கடனுக்கு எடுத்தாள்.
கடைக்காரர் வட்டி கேட்கவில்லை,
நெல்லைக் கேட்டார்,
அறுவடை அன்றைக்கே, ஈரத்தோடு,
அவர் சொல்லும் விலைக்கு.

பொங்கல் கழிந்து நாலாம் நாள்
கதிர் பால் பிடிக்கிற நேரம்
காசு விழுந்தது.
பன்னிரண்டாயிரத்து நூற்றைம்பது.
குறுஞ்செய்தி போனது
சிவபாதத்தாரின் மச்சானின் போனுக்கு.
மச்சான் ஆறாயிரம் கொண்டுவந்தார்,
வெள்ளைத் தாளில் சுற்றி,
செத்தவீட்டுக்குக் கொடுப்பதுபோல்
கையைக் கீழே வைத்து.
மிச்சத்தைப் பற்றி அவரும் பேசவில்லை
அவளும் கேட்கவில்லை.
நான் வரம்பில் நின்று
விளைச்சல் மதிப்பீடு எழுதிக்கொண்டிருந்தேன்.

"உரக்காசு" என்றார்.
அவள் பால் கட்டின கதிரொன்றை
நகத்தால் நசித்துப் பார்த்தாள்.
"இனி இதுக்கு உரம் போட்டா
புல்லுத்தான் குடிக்கும்."

ஐயாயிரம் சந்திக் கடைக்கு.
மிச்சத்துக்கு
காவற்பரண் டோர்ச்சுக்குப் புது பற்றரி.
யானை
நாலாம் நிரலைப் பார்த்து வருவதில்லை.

மாசியில் படிவம் வந்தது.
மானியம் உரிய காலத்தில்
உரியவருக்குக் கிடைத்ததா?
ஆம். இல்லை.
இரண்டு சின்னச் சதுரம்.
முன்மேசையில் பெரியவர் காத்திருந்தார்,
மூன்று மணிக்கு மாவட்டத்துக்கு அனுப்பவேண்டும்,
முந்நூற்றுப் பதினேழு படிவம்.
ஆம் என்ற சதுரத்தில் சரி போட்டேன்.
முந்நூற்றுப் பதினேழிலும்.

சிறுபோகப் பதிவேடு இன்று பிரித்தேன்.
தாளில் புதுவாசம்.
எல்லோரும் தேத்தண்ணிக்குப் போன பிறகு
அடிமட்டம் வைத்து
நாலாம் நிரலுக்கு நடுவே
ஒரு கோடு இழுத்தேன்.
பென்சிலால்தான்.
தலைப்பு இன்னும் போடவில்லை.
கணினிக்கு ஏற்றும்போது
அது ஏற்காது என்றும் தெரியும்.

ஞானேஸ்வரியா, ஞானேசுவரியா,
அடையாள அட்டையை வாங்கிப்
பார்க்கவேண்டும்.