நிமிடத்துக்கு முப்பத்து மூன்று

பதினாலில் ஆறு மிச்சம்.
ஒன்று வெயிலில் அப்பளமாய் நெளிந்தது.
ஒன்று ஆரோ வீட்டுக் கோழிக்குத்
தண்ணி வைக்கும் தட்டானது, என் கண்ணாலே கண்டேன்,
கேட்கவில்லை.
மற்ற ஆறும் எங்கேயென்று தெரியாது.

இந்த ஆறு
யூரியாப் பைக்குள், பாலை மரத்தடியில்,
எங்களைவிடப் பாதுகாப்பாய்க் கிடந்தன.
தோண்டி எடுத்தபோது கரையான்
அட்டைகளைத் தின்றிருந்தது,
பாட்டை அதற்குப் பிடிக்கவில்லைப் போல.
பாலைவனத்தில் எரிகிற பியானோ இருந்த அட்டையில்
இப்போது நெருப்பு மட்டும்.
துடுப்பில்லாப் படகில் நாலு தாடிக்காரர்,
ஒருவனுக்குத் தலையே இல்லை,
மற்றவர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

எழுபத்தாறில், கொழும்புக் கோட்டையில்,
கப்பல் கம்பனித் தட்டெழுத்துக்காரி நான்.
மாலுமிகள் குடிக்கக் காசில்லாமல் விற்பார்கள்,
சம்பளத்தில் கால்வாசி அப்படிப் போகும்.
சீலை வாங்கினியா என்று அம்மா கடிதம் போடுவா.
வெள்ளவத்தை அறையில் கிற்றார் அலறினால்
யன்னல் கண்ணாடி பல்லைக் கடிக்கும்.
எண்பத்து மூன்றில் அகதிக் கப்பலில்
மற்றப் பெண்கள் பிள்ளைகளை அணைத்து வந்தார்கள்,
நான் இவற்றை.
வெட்கமாகத்தான் இருந்தது.

போன கிழமை மகள் புதுப் பிளேயர் அனுப்பினாள்,
சுழலும் வேகத்தைச் சிவப்பு இலக்கத்தில் காட்டுகிறது.
ஊசியை வைத்தேன்.
பாட்டு பிழை.
பாடகன் பொடியனாகிவிட்டான்,
கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிறவன் மாதிரிப் பாடுகிறான்.
"அம்மா, இதுதான் சரியான வேகம்" என்றாள் போனில்.

சரிதான்.
எனக்குப் பாடமானது சந்தியோகுவின் வேகம்.

பற்றரிக்குத் தடை. டீசலுக்கும் தடை.
லொறி ஓட்டின மனிசன்
ஸ்ராண்டில் நிற்கிற சயிக்கிளை ஓட்டினார்,
மாங்குளத்தில், ஒரு வீட்டுக்குள்,
எங்கேயும் போகாமல்.
ஒரு டைனமோ. ஒன்றுக்குத்தான் காணும்.
"விளக்கோ, பாட்டோ?" என்பார்.
ஒருநாளும் நான் விளக்கென்று சொன்னதில்லை.
"இது பாட்டே? தகரக் கடைக்குள்ள மாடு பூந்த சத்தம்"
என்றபடி இருட்டில் மிதிப்பார்.

தொடங்கும்போது கரடி எழும்புகிற மாதிரி ஒரு உறுமல்,
பிறகுதான் குரல் மனிசக் குரலாகும்.
றம்ஸ் தனியே முழங்குகிற அந்த நீளப் பாட்டு
உலகத்துக்குப் பதினேழு நிமிடம்,
எங்களுக்கு இருபத்திரண்டு.
கால் உளையும் அவருக்கு.
பொம்மர் இரைந்தால் மிதிப்பது நிற்கும்,
பாட்டு கிணற்றுக்குள் இறங்கும்.
அது போனபிறகு
விட்ட சொல்லின் பாதியிலிருந்து
பாடகன் எழும்பி வருவான்.

இரண்டு பாட்டுக்கு நடுவே ஓர் இடைவெளி.
அதில் அவருடைய மூச்சு,
பெடலின் கறள் முனகல்.
இவை றெக்கோட்டுக்குள்ளேயே இருக்கின்றன என்று
எப்போதிருந்து நம்பினேனோ.
புது மெசினில் அந்த இடம் வந்தது.
பொரிகிற சத்தம் மட்டும்.
அடுத்த பாட்டு
என்னைக் கேளாமல் தொடங்கிவிட்டது.

நேற்று இரவு, இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டில்
கரண்ட் போனது.
குரங்கு கம்பியில் பாய்ந்திருக்கும்.
ஸ்பீக்கர் செத்தது, தட்டு நிற்கவில்லை.
ஊசியின் நுனியில், எறும்பளவில்,
அவன் இன்னும் பாடிக்கொண்டிருந்தான்.
குனிந்து காதை வைத்தேன்.
குரல் தடித்தது, வயது ஏறியது,
களைத்தது,
இறங்கி இறங்கி
அந்த வேகத்தைக் கடந்தது.
இரண்டு சுற்று இருக்கும்,
கூடினால் மூன்று.

பிறகு ஒன்றுமில்லை.
நுளம்பு, தூரத்தில் ஏ-ஒன்பதில் ஒரு லொறி.
நெருப்புப்பெட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.
எடுக்கவில்லை.