இருபத்துநான்கு மணி நேரக் கேன்

எழுந்ததும் போகிற முதல் சிறுநீரைக் கொட்டிவிட வேண்டும்.
அதற்குப் பிறகு வருவதெல்லாம்
மறுநாள் அதே நேரம் வரைக்கும்
ஒரு சொட்டு விடாமல் இந்தக் கேனுக்குள்.
அடியில் கொஞ்சம் அமிலம் இருக்கிறது, கையில் படக்கூடாது
என்று நான் சொல்லச் சொல்ல
சென்னியப்பன் அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.
"ஏனுங் அம்மணி, நெஞ்சுக் கோளாறுக்கு
இதுல எதுக்குங் தேடறீங்?"

இரண்டாம் மாடி. கீழே அவிநாசி ரோடு
ஆரன் அடித்தபடி நின்றுகொண்டிருந்தது.
அவர் ஏறி வந்து கால்மணி ஆகியும்
மூச்சு இன்னும் படிக்கட்டிலேயே இருந்தது.

நுரையீரலில் ஒரு நார் உண்டு, என்றேன்.
இழுத்தால் நீளும், விட்டால் பழையபடி திரும்பும்.
"எலாஸ்டிக்குங்களா?"
எலாஸ்டிக்தான்.

அதற்குமேல் நான் விளக்க எதுவும் மிச்சமில்லை.
திருப்பூரில் முப்பத்தொரு வருசம்
ஜட்டிப் பட்டைத் தறி ஓட்டியவர்.
பஞ்சுத் தூசியைத் தின்று, பீடியை அதன்மேல் குடித்து,
ஷிப்டுக்கு நூறு துண்டு இழுத்து விட்டு
ஸ்கேலில் வைத்துப் பார்த்தவர்.
"அரை இஞ்சு நீண்டே நின்னுட்டா
லாட்டே ரிட்டனுங்."
ரிட்டன் என்றதும் இருமல் வந்துவிட்டது.
நான் கேன் மூடியை இறுக்குவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

அந்த நாரின் முடிச்சுக்கு டெஸ்மோசின் என்று பெயர்.
நான்கு கைகள் ஒரு வளையத்தில் கோத்துக்கொண்ட முடிச்சு.
நார் அறுந்தாலும் அது அவிழ்வதில்லை.
மறுபடி அதை வைத்து நெய்ய உடம்புக்குத் தெரியாது.
ரத்தத்தில் மிதந்து, சிறுநீரகம் தாண்டி
வந்தபடியே வெளியே போகும்.
தோலிலிருந்தும் ரத்தக் குழாயிலிருந்தும்கூடக் கொஞ்சம் வரும்;
எந்த ஊரிலிருந்து வருகிறேனென்று
முடிச்சு சொல்வதில்லை.

முதல் கேன் வியாழக்கிழமை வந்தது.
கிரியேட்டினின் காட்டிக்கொடுத்தது:
இது ஒரு முழுநாள் இல்லை.
போனில் கேட்டேன். வெகுநேரம் வெறும் மூச்சு.
பிறகு, "பல்லடம் பஸ் ஸ்டாண்டுல ஒருக்கா போயிட்டனுங்.
கேனைத் தூக்கிட்டு எப்படிங் அந்தக் கூட்டத்துக்குள்ள போறது."
தவறில்லை, இன்னொரு கேன் தருகிறேன் என்றேன்.
அன்றைய அவர் நாளைத் தொட்டியில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

இரண்டாவதை அவரே கொண்டுவந்தார்,
மஞ்சள் பைக்குள், பைக்குமேல் துண்டு சுற்றி.
மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்:
"இது போனதுங். மீதி எவ்வளவுன்னு
எந்த மெசின்ல பாப்பீங்?"

பார்க்க முடியாது என்று சொல்லவில்லை.
டாக்டரிடம் கேளுங்கள் என்றேன்.
குறைந்த எண் வந்தால் சிதைவு நின்றிருக்கலாம்,
சிதைய இனி அதிகம் இல்லாமலும் இருக்கலாம்,
இரண்டுக்கும் ஒரே எண்தான்
என்பதை அந்த முகத்துக்கு எதிரில்
எந்த வரிசையில் சொல்வது?

அவர் இறங்கிப் போன பிறகு கேனைத் திருப்பினேன்.
லேபிளில் இடம் போதாமல் ஒரு பீஸ் பில்லின் பின்புறத்தில்
பென்சிலால் எழுதி ஒட்டியிருந்தார்,
தறி நின்ற நேரத்தைக் குறிக்கிற கையெழுத்தில்:
6.10. 8.45. 11.20. 1.05.
ராத்திரி மட்டும் ஐந்து தடவை.
3.40க்கு எதிரே:
இருமுனதுல கொஞ்சம் தரையில போயிருச்சு.
ஒரு மூடி இருக்கும். கணக்குல சேத்திக்கோங்க.

ஆயிரத்து முந்நூற்று நாற்பது மில்லி.
நூற்றுப் பத்து டிகிரியில், கடும் அமிலத்தில்,
அவருடைய ஒரு நாளிலிருந்து சிறு பங்கு
இன்னொரு முழுநாள் வேக வேண்டும்.
அடுப்பை மூடிவிட்டுப் படிவத்தை எடுத்தேன்.
தரையில் போனதற்குக் கட்டம் கிடையாது.
ஓரத்தில், சின்ன எழுத்தில்,
3.40, ஒரு மூடி, என்று எழுதி வைத்தேன்.