பதினோராம் கட்டம்

இரண்டே கால் ஏக்கரைப்
பதினாறு கட்டமாகப் பிரித்தேன்.
பசளைப் பையைக் கிழித்து நாடாவாக்கி
மூலைக்கு மூலை கம்பில் கட்டினேன்.
வெட்டு மெசின் வர முதல் நாள்
கட்டத்துக்கு ஒரு சதுர மீற்றர் கையால் அறுத்து
அடித்து, தூற்றி, காயவைத்து
பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்துக்
கொப்பியில் எழுதினேன்.
"என்ன தவநிதி, நெல்லைக் கிராம் கணக்கிலயா
விக்கப் போறாய்?" என்றார் கடைக்காரர்.

எத்தனையோ போகம்
ஒரே அளவாய் வீசிய கை இது.
இடுப்பில் கடகம். வரம்பிலிருந்து வரம்புக்கு
யூரியா,
கேட்பவர் யாரென்று பாராமல் பேசிக்கொண்டு போகும்
பேச்சைப் போல.

இந்தப் போகம் இலை நிற அட்டையோடு இறங்கினேன்.
வெயில் படக்கூடாதாம்;
என் நிழலை விழுத்தி
அதற்குள் வைத்துப் பார்க்க வேண்டுமாம்.
கட்டத்துக்குப் பத்து இலை.
நூற்றறுபது இலைகளுக்கு நிழல் கொடுத்து
அன்று முழுதும் நான் வெயிலில் நின்றேன்.

மூன்றாம் கட்டம் மணல்.
ஒரேயடியாய்க் கொடுத்தால் ஒன்றும் தங்காது.
அதற்கு மூன்று தரம், அரை அரை டின்.
ஏழு, எட்டு: இரண்டு டின்.
வாய்க்கால் ஓரம் ஒன்று.
பதினொன்றுக்கு
ஒன்றுமே வேண்டாம் என்றது அட்டை.
போன போகத் தராசும் அதையே சொல்லியிருந்தது:
அறுநூற்று நாற்பது கிராம்.
மணலில் முந்நூற்று எண்பதுதான்.

ராசியான மூலை என்று
ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.
பொங்கலுக்குப் புதிரெடுப்பதும் அங்கிருந்துதான்.

பிறகு போனில் ஒரு படம் கண்ணில் பட்டது.
யூரியா கிடைக்காத அந்த வருசம்
மகள் பல் விழுந்த வாயோடு சிரிக்கிறாள்,
முதுகுக்குப் பின்னால் பதினோராம் கட்டம்
மற்ற எல்லாக் கட்டத்தையும் போல
மஞ்சளாய் நிற்கிறது.

அந்த வருசம் ராசி எங்கே போனது?

வரம்போரம் குந்திப் புல்லை விலக்கினேன்.
நண்டு வளை.
கையை விட்டேன், முழங்கை வரை போனது.
விரல் நுனியில் நீர் ஓடிற்று,
மேல் வயலிலிருந்து, இளஞ்சூடாய்.
மேல் வயல் அலியார் நானாவுடையது.

ஒன்பது வருசம்.
அவர் வீசினார், நான் அறுத்தேன்.
கொப்பியில் அதற்கு நிரல் இல்லை.
இரண்டு நாள் ஒருவருக்கும் சொல்லவில்லை.
வளையை மூடவும் இல்லை. அதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன்.
சாரனை மடித்துக் கட்டிக் குந்தினார்.
கொப்பியை வாங்கி, தலைகீழாய்ப் பிடித்து,
திருப்பிப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார்.
"இந்த மூலை எனக்குச் சோடை போகுது எண்டு
விதைநெல் தந்தவனை ஏசி,
அவன்ட மகன்ட கலியாணத்துக்கும் போகல்ல புள்ள."
சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

களியும் வைக்கோலும் குழைத்து
அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்,
வளையை அடைத்தோம்.
நண்டு எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை.

கை கழுவும்போது கேட்டார்:
"உன்ட கீழ் வரம்பப் பாத்தியா?"
பார்க்கவில்லை.
பதினாறு கட்டத்தையும் அளந்தவள்
கடைசிக் கோட்டுக்கு அப்பால் போகவில்லை.

போனேன்.
மூன்று வளைகள். அதற்குக் கீழே வடிகான்.
வடிகான் போய்ச் சேரும் தம்பலகாமக் குடாவில்
கரையோரத் தண்ணீர்
அட்டையில் இல்லாத ஒரு பச்சை.

இரவு, பதினோராம் கட்டத்தில்
'வேண்டாம்' என்பதை அழித்து
ஒன்றரை டின் என்று
பென்சிலால் எழுதினேன்.
கீழ் வரம்புக்கு
இன்னும் களி வெட்ட வேண்டும்.