இந்த வாரம் என்ன விலை

கடிதங்களைக் கேட்டு மெட்ராஸிலிருந்து வந்த பையன்
வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.
கம்பியோடு எடுத்துக் கொடுத்தேன்.
முப்பத்தோரு வருடம், ஒரே கம்பி.
கடைச் சீட்டைக் குத்துவதுபோல் குத்தி வைத்தது.
எல்லாவற்றிலும் நட்டநடுவே ஓட்டை.
"மாண்புமிகு அமைச்சர் கையெழுத்தை இப்படியா ஆச்சி…"
எனக்கு வந்த சீட்டு அது.
கணக்குத் தீரும்வரை கம்பியில்தான் கிடக்கும்.

முதல் கடிதம் கோபுர முத்திரைத் தாளில் வந்தது.
மறுதபாலிலேயே திருப்பினேன்:
"அக்காள் நலம் கேட்கச் சர்க்கார் காகிதமா?
அப்பச்சி இருந்தால் தாளுக்குக் காசு கட்டச் சொல்வார்."
அதற்கப்புறம் எல்லாம் இன்லண்ட்.
மேலே சிவமயம். கீழே கோழிக் கிறுக்கல்.
பல்வலி எழுதுவான்.
அந்த ஊர்த் தண்ணீரில் பருப்பு வேகவில்லை என்பான்.
பொன்னமராவதிக் கூட்டத்தில் போட்ட மாலையில்
கட்டெறும்பு இருந்ததாம்;
நாற்பது நிமிடம் ஐந்தாண்டுத் திட்டம் பேசினானாம்,
கழுத்தைச் சொறியாமல்.
கடைசி வரி மட்டும் மாறாது:
இந்த வாரம் என்ன விலை?

அதிகாரிகள் எழுதித் தந்த விலை
அவனுக்குச் செரிக்கவில்லை.
கோனாபட்டிலிருந்து வேலாயி சந்தைக்குப் போவாள்.
பேரத்துக்கு முன் ஒரு விலை, பின் ஒரு விலை.
இரண்டையும் எழுதுவேன்.
"எனக்குக் கிடைத்த தகவலின்படி" என்று
அவன் சட்டசபையில் சொன்னது பேப்பரில் வரும்.
வேலாயிக்கு வாசித்துக் காட்டுவேன்.
"நாஞ் சொன்னதுதானே ஆச்சி?"
"நீ சொன்னதுதான்."

தெய்வானை மாப்பிள்ளை அரிசி மில்லுக்கு மனுப் போட்ட வருடம்
நானும் ஒரு வரி சேர்த்து எழுதினேன்.
முப்பது வருடத்தில் கேட்டது அது ஒன்று.
பதில் வந்தது:
"கோப்பு என் மேசைக்கு வந்தது. திருப்பிவிட்டேன்.
மாப்பிள்ளையிடம் நீயே சொல்லிவிடு.
இந்த வாரம் என்ன விலை?"

அந்த வாரம் படி ஒன்று நாற்பது.
ஒன்று பத்து என்று எழுதினேன்.
மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு ஒட்டினேன்.
தபால்பெட்டி வரை நானே நடந்தேன்.
வேலாயியிடம் கொடுக்கவில்லை.

சபையில் எழுந்து சொல்லியிருக்கிறான், ஒன்று பத்து.
"அந்தக் கடையைக் காட்டுங்கள் அமைச்சரே,
நாளைக்கே வரிசையில் நிற்கிறோம்" என்றாராம் எதிரே ஒருவர்.
அவன் கட்சிக்காரர்களும் சிரித்ததாகப் போட்டிருந்தது.
வேலாயி கேட்டாள், பேப்பரில் என்ன ஆச்சி என்று.
ஒன்றுமில்லை என்றேன்.

மூன்று வாரம் தபால் இல்லை.
தபால்காரன் சைக்கிள் மணி கேட்டால்
இரண்டாங்கட்டுக்குப் போய்விடுவேன்.
நாலாம் வாரம் வந்தது:
"ஆச்சி, அந்தக் கடைக்காரரிடம்
எனக்கும் ஒரு மூட்டை சொல்லி வை.
இந்த வாரம் என்ன விலை?"

வேறொன்றும் இல்லை. பல்வலிகூட இல்லை.
அந்தச் சந்தைக்கு நானே போனேன்,
வேலாயி குடை பிடிக்க.
கடை கடையாகக் கேட்டு எழுதினேன்.
மன்னிப்பு என்று எழுத இடமிருந்தது.
கருவாட்டு விலை எழுதி நிரப்பினேன்;
நம் வீட்டில் யார் தின்கிறார்கள் கருவாடு.

பையன் இப்போது அதைத்தான் விரலால் தொட்டான்.
"இது என்ன ஆச்சி, கடைக்காரர், மூட்டை?"
"அரிசி கேட்டிருக்கிறான்."
'அமைச்சர் சகோதரியிடம் அரிசி கேட்டார்' என்று
நோட்டில் எழுதிக்கொண்டான், தேதியோடு.

கடைசிக் கடிதம் தந்திக்கு இரண்டு நாள் கழித்து வந்தது.
படி போய்க் கிலோ வந்துவிட்ட காலம்.
வேலாயி மகளை அனுப்பினேன்:
மூன்று எழுபது, பேரத்துக்குப் பின் மூன்று அறுபது.
எழுதி, மடித்து, ஒட்டி,
முகவரிக்காகத் திருப்பினேன்.

"அந்த ஒட்டின இன்லண்டும் வேண்டும்" என்கிறான்.
அது நான் எழுதியது. அவன் எழுதியதுதான் உனக்கு.
ரசீது போட்டு எடுத்துப் போ.
கம்பியைத் திருப்பிக் கொடு.