சரி

மல்லாவி ஆஸ்பத்திரிக்கு
இரவு ஒன்பது பத்துக்கு
லான்ட்மாஸ்ரர் பெட்டியில் வந்தாள்.
சேறு காயாத கால்.
முழங்காலுக்குக் கீழே
சாரத்தைக் கிழித்து இறுக்கிய கட்டு,
அதற்குக் கீழே வேறு நிறம்.

"புடையன்தான், பாருங்கோ" என்று
புருஷன் நீட்டிய சொப்பிங் பை
ஒருதரம் அசைந்தது.
"வெளியில வையுங்கோ ஐயா.
அடுத்தமுறை பாம்பை விட்டிட்டு
ஆளை மட்டும் கொண்டுவாங்கோ."
டொக்டர் பிரதாபன் கோபப்படவில்லை.
அவள் பக்கம் குனிந்து
"பேர் என்னம்மா?" என்றார்.

பெயர் கேட்பது மரியாதைக்கு என்று
நாலு வருஷமாக நினைத்திருந்தேன்.
"யோகபூரணி. பாலிநகர்.
மடை மாத்தப் போனனான்."
மூன்று வசனம், திணறாமல்.
மூச்சுவழி திறந்திருக்கிறது,
காற்றுப் போகிறது,
மூளைக்கு இரத்தம் எட்டுகிறது.
நான் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியதை
அவர் கேள்வியாகக் கேட்டார்.

கட்டை வெட்டக் கத்தரிக்கோல் எடுத்தேன்.
"பொறு. மருந்து கைக்கெட்டட்டும்.
பிறகு மெல்ல."

இரத்தம் எடுப்பது என் வேலை.
கண்ணாடிக் குழாய், புதுசு, உலர்ந்தது.
பிளாஸ்ரிக்கில் இரத்தம் பொய் சொல்லும்,
சவர்க்காரம் பட்ட கண்ணாடியிலும் பொய் சொல்லும்.
இருபது நிமிடம் அசையாமல் வைத்து
ஒரேயொரு தரம் சரிக்கவேண்டும்.
இவ்வளவும் எனக்குப் பாடம்.

பதினோராவது நிமிடத்தில் சரித்தேன்.

தாதி மரியகொரற்றி என்னைப் பார்த்தாள்.
"திரும்ப எடு.
புதுக் குழாய், புது இருபது."
யோகபூரணி மற்றக் கையை நீட்டினாள்.
"பிள்ளைக்கு முதல் தரமோ?"
"ஓம்."
"எனக்கும்தான்."

காத்திருப்பதென்றால் சும்மா இருப்பதில்லை.
முரசில் இரத்தம் கசிகிறதா,
இமை தானாக இறங்குகிறதா,
ஒரே மூச்சில் எத்தனை எண்ணுகிறாள்.
முதலில் முப்பத்துநாலு.
பிறகு இருபத்தாறு.
"எண்ணிப் பழக்கம்" என்றாள்.
"பங்கருக்குள்ள இருந்து எண்ணுவம்,
குத்துற சத்தத்துக்கும்
விழுந்து வெடிக்கிறதுக்கும் நடுவில.
பன்னிரண்டு தாண்டினதில்லை."

நான் குழாயைத் தொடாமலிருக்க
என் கைகளின்மேல் இருந்தேன்.

இருபது.
மடை மாற்றப் போனவளின் இரத்தம்
மடையே இல்லாமல்
கண்ணாடிச் சுவரில் ஓடியது.

பிறகு எல்லாரும் வேகமாக நடந்தார்கள்,
ஒருவரும் ஓடவில்லை.
விஷமுறிவு மருந்து இருபது குப்பி.
குலுக்கினால் நுரைக்கும், சுழற்றத்தான் வேண்டும்;
தூள் கரையும் மட்டும்
ஊரில் வேறு வேலையே இல்லாதவன்போல.
மருந்து ஏறமுதலே
அட்ரினலின் ஊசி நிரப்பி
தலைமாட்டில் வைத்தாயிற்று.
எட்டாவது நிமிடத்தில் அது தேவைப்பட்டது:
கழுத்தில் தடிப்பு, இருமல், நடுக்கம்.
மருந்தை நிறுத்து,
தொடைத் தசையில் குத்து,
அடங்கியபின் மறுபடி திற.
காப்பாற்ற ஏற்றுவதும் ஆளைக் கொல்லலாம்.
இது புத்தகத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது.

ஒன்றரைக்குச் சிறுநீர் அளந்தேன்.
கொஞ்சம்தான், தேத்தண்ணி நிறம்.
எழுதி வைத்தேன்.
அதைப்பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

விடிய ஐந்துக்கு மூன்றாவது குழாய்.
புருஷன் வாங்கில் நித்திரை,
வாய் திறந்தபடி.
மணிக்கூட்டை நான் பார்க்கவில்லை,
மரியகொரற்றி பார்த்தாள்.
தலையாட்டினாள்.

சரித்தேன்.
சரியவில்லை.
குழாயின் அடியில்
கருஞ்சிவப்பாய் ஒட்டிக்கொண்டு நின்றது.
"சரி" என்றாள் மரியகொரற்றி,
அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

லொக் புத்தகத்தில்
'செய்தது' என்ற கூட்டில்
ஒன்று என்று எழுதி
வெட்டி
மூன்று என்று எழுதினேன்.
முதலாவதையும் சேர்த்துத்தான்.

வாசலில் அந்தப் பை
முடிச்சு அவிழாமல் கிடந்தது.
எறும்பு ஏறியிருந்தது.